குந்திக் காட்டச் சொன்னார்கள்

விபத்து இழப்பீட்டு வழக்கு என்றால் இளம் வக்கீல்களான உங்களில் பலருக்கு ஓர் இளக்காரம் இருக்கிறது. எனக்குத் தெரியும். கொலைக் கேஸ் நடத்துகிறவருக்கு இருக்கிற மிடுக்கு இதில் இல்லை. சொத்துக் கேஸ் நடத்துகிறவருக்கு விழுகிற கும்பிடும் இல்லை. "ஆஸ்பத்திரி சீட்டு, எஃப்ஐஆர், டாக்டர் சர்டிபிகேட், மூணையும் கோத்து மனு போட்டா முடிஞ்சுது, இதுல வாதாட என்ன மேடம் இருக்கு?" என்று என்னிடமே ஒரு ஜூனியர் கேட்டான். அன்றைக்கு அவனை நான் திட்டிய திட்டை இன்னமும் கோர்ட் கேண்டீனில் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி. சிரிக்கட்டும்.

நான் கவுனைக் கழற்றி மாட்டிவிட்டு வில்லியனூரில் வீட்டோடு இருக்கிறேன். மனுவை எந்தப் பிரிவில் போடுவது, எந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவது என்பதற்கெல்லாம் நீங்கள் என்னைத் தேடி வர வேண்டாம். உங்கள் போனிலேயே எல்லாம் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அஞ்சலாட்சியின் வழக்கு. இந்தத் தொழிலில் எனக்கு அதிகக் கோபத்தைக் கொடுத்த வழக்கு அதுதான். ஜெயித்த வழக்கு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அஞ்சலாட்சிக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஒரு கிராமத்துக் காலனியில் வீடு. புருஷன் அரியாங்குப்பம் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர். இவள் நாற்றுப் பறிப்பாள், நடுவாள், களையெடுப்பாள். அதே தெருவில் தனம் என்று ஒருத்தி. வயல் வேலைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவள் அவள்தான். நிலக்காரர்கள் தனத்துக்குத்தான் போன் போடுவார்கள். தனம் யாரைக் கூப்பிடுகிறாளோ அவளுக்கு அன்றைக்கு வேலை. கூப்பிடாதவள் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

ஒரு நாள் விடியற்காலையில் இவர்கள் எல்லோரும் குருவிநத்தம் பக்கம் நடவுக்கு ரோட்டோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் வந்திருக்கிறது. வளைவில் திரும்பும்போது டிரெய்லர் இவர்கள் பக்கமாகச் சரிந்துகொண்டு வந்தது. மற்றவர்கள் வயலில் குதித்துத் தப்பித்தார்கள். அஞ்சலாட்சி குதிப்பதற்குள் டிரெய்லர் சக்கரம் அவளுடைய வலது காலில் ஏறி இறங்கிவிட்டது.

நம் பகுதியின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஒரே தார் ரோட்டில் கொஞ்ச தூரம் புதுச்சேரி, கொஞ்ச தூரம் கடலூர் மாவட்டம், திரும்பவும் புதுச்சேரி. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவன் கண்ணைத் திறந்தால், மதுக்கடை போர்டைப் பார்த்துத்தான் எந்த மாநிலம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். விபத்து நடந்த வளைவு அப்படிப்பட்ட இடம். சிவப்புத் தொப்பி போட்ட நம் புதுச்சேரி போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, "அடிபட்டது அந்தப் பக்கம்பா, இது அவங்க லிமிட்டு" என்றார். அந்தப் பக்கத்துப் போலீஸ்காரரும் வந்தார். "வண்டி ஒங்க லிமிட்டுலதான நிக்குது, நீங்களே கேஸ் எடுங்க" என்றார். அவள் தரையில் கிடக்கிறாள். இவர்கள் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தனம் அவர்கள் நடுவில் போய் நின்றிருக்கிறாள். "ரோடு யாருதுன்னு நீங்க அப்பறமா டேப்பு வெச்சி அளந்துக்குங்க சார். இந்தக் காலு எங்க ஊருது. மொதல்ல வண்டியில ஏத்துங்க."

காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு மினி லாரிக்காரர் காய்கறி மூட்டைகளை ரோட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. சட்டம் தெரிந்த இரண்டு பேர் அங்கே இருந்தார்கள், ஆனால் வேலை செய்தது மூன்றாவது ஆள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

பிள்ளைகளே, எந்த ஸ்டேஷனில் போய்ச் சொன்னாலும் அவர்கள் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். எல்லை வேறு என்றால் அவர்களே அனுப்பிக்கொள்ளட்டும். அடிபட்டவர் எல்லைக்கல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. இழப்பீட்டு மனுவும் அப்படித்தான். விபத்து எங்கே நடந்திருந்தாலும், அடிபட்டவர் குடியிருக்கும் பகுதியின் கோர்ட்டிலேயே போடலாம். இது தெரியாமல், "ஏம்மா, விழுப்புரம் போவணுமா, கடலூர் போவணுமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் "பார்க்கலாம்" என்று இழுக்கிற வக்கீல்களை எனக்குத் தெரியும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டால் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள்.

அஞ்சலாட்சியின் கால் பிழைத்தது. ஆனால் முட்டி மடங்கவில்லை, கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் அடிப்பாகம் தடித்த செருப்பு ஒன்றை ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்தார்கள். கூடவே ஒரு கைத்தடி. இரண்டும் இருந்தால் ரோட்டில் மெல்ல நடப்பாள்.

என்னிடம் வந்தபோது அவள் கேட்டது கொஞ்சம்தான். "ஆஸ்பத்திரி செலவுக்கும், வேலைக்குப் போவாம கெடந்த நாளுக்கும் எதுனா வாங்கிக் குடுங்கம்மா. போதும்."

"அது மட்டும் போதாதும்மா. இனிமே வரப்போற நஷ்டத்தையும் கேக்கணும்" என்றேன்.

"நீங்க பாத்து செய்யுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கைநாட்டு வைத்தாள்.

இந்த இடத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். டாக்டர் உடம்பை அளந்து ஒரு சதவீதம் எழுதிக் கொடுப்பார். இன்சூரன்ஸ்காரர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவுதான் ஊனம், அவ்வளவுதான் நஷ்டம்" என்பார்கள். டாக்டர் அளந்தது காலை. நீங்கள் கோர்ட்டுக்குக் காட்ட வேண்டியது அந்தக் கால் செய்துவந்த வேலையை. எனக்கு முட்டி மடங்காவிட்டால் என்ன ஆகிவிடும்? நின்றுகொண்டு வாதாடுகிற தொழில், ஒரு நாள் வருமானம்கூடக் குறையாது. நாற்றங்காலில் குந்தி நாற்றுப் பறிக்கிறவளுக்கும், முழங்கால் சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பின்னால் வைத்து நடுகிறவளுக்கும் அதே முட்டிதான் முழுச் சம்பாத்தியம். அந்தத் தடித்த செருப்பைப் போட்டுக்கொண்டு யாரும் சேற்றில் இறங்க முடியாது. சர்டிபிகேட்டில் இது எங்கேயும் இருக்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சாட்சி விசாரணை நாள் வந்தது. அன்றைக்கு எனக்கு வேறு கோர்ட்டிலும் ஒரு வழக்கு. முடித்துவிட்டு மாடியேறி வருவதற்குள் அஞ்சலாட்சியைக் கூப்பிட்டுக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். நான் உள்ளே நுழைந்தபோது இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் குரல் வெல்லப்பாகு. கத்த மாட்டார், மிரட்ட மாட்டார். சொந்தத் தங்கச்சியிடம் பேசுவது போலத்தான் பேசுவார். கத்துகிற வக்கீலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இந்த மாதிரி ஆளைப் பார்த்துப் பயப்படுங்கள்.

"என்னம்மா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் சாமி. நீங்க நல்லா இருக்கீங்களா? வூட்டுல எல்லாம் சௌக்கியமா?"

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தப் பதிலை டைப்பிஸ்டுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நம் கோர்ட்டுகளில் சாட்சி தமிழில் பேசுவதும் அது ஆங்கிலத்தில் ஏறுவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வாசலில் பார்க்கிறவர்களிடம் சொல்கிற மரியாதைச் சொல், "நான் பூரண நலத்துடன் இருக்கிறேன்" என்ற அர்த்தத்தில் வாக்குமூலமாக ஏறியது. அவள் விசாரித்த வீட்டு சௌக்கியம் ஏறவில்லை.

"கோர்ட்டுக்கு யாரும் உங்களத் தூக்கிக்கிட்டு வரலியே? நீங்களாதான நடந்து வந்தீங்க?"

"நாந்தான் வந்தேன்."

"படியேறி?"

"ஆமாங்க."

"கையில தடி கிடி ஒண்ணும் இல்லியே?"

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "இல்ல சாமி."

அப்போதுதான் நான் குனிந்து பார்த்தேன். நம் சாட்சிக் கூண்டுக்கு இடுப்பு வரை மரப்பலகை அடைத்திருக்கும். மேலே உட்கார்ந்திருக்கிற ஜட்ஜுக்கு சாட்சியின் முகமும் தோளும்தான் தெரியும். நான் உட்கார்ந்த பக்கத்தில் கூண்டுக்கு ஏறுகிற படி, அங்கே பலகை இல்லை. வெறுங்காலோடு நின்றிருந்தாள். இடது கால் தரையில் பதிந்திருந்தது. வலது குதிகால் தரையைத் தொடவே இல்லை. விரல் நுனிகளை ஊன்றிக்கொண்டு நின்றாள், விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. செருப்பும் இல்லை, தடியும் இல்லை.

"வூட்டுல சோறாக்கறது யாரு?"

"நாந்தான். வேற யாரு ஆக்குவா?"

என் ஜூனியர் பின்னாலிருந்து கவுனைப் பிடித்து இழுத்தான். "மேடம், எழுந்திருச்சு ஏதாவது சொல்லுங்க மேடம், எல்லாமே போகுது." எனக்கும் ரத்தம் தலைக்கு ஏறியிருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் நான் குறுக்கே விழுந்து "இவங்களுக்குச் செருப்பு இருக்கு, தடி இருக்கு" என்று கத்தினால், சாட்சிக்கு வக்கீல் எடுத்துக் கொடுக்கிறார் என்று அந்த வெல்லப்பாகுக் குரல் சொல்லியிருக்கும், சொன்னது செல்லுபடியும் ஆகியிருக்கும். கேஸ் கட்டின் நாடாவை அவிழ்த்தேன், கட்டினேன், திரும்ப அவிழ்த்தேன். கோபம் வந்தால் கைக்கு ஒரு வேலை கொடு, வாய்க்குக் கொடுக்காதே என்பது என் சீனியர் எனக்குச் சொன்ன ஒரே உருப்படியான யோசனை. எதிராளி கேட்ட கேள்விக்கு விளக்கம் வாங்க, அவர் உட்கார்ந்த பிறகு நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. தடியைப் பற்றிக் கேட்டு அந்தக் கதவை அவரே திறந்துவிட்டார். நான் காத்திருந்தேன்.

அவர் உட்கார்ந்ததும் எழுந்து ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டேன். "தடி ஏன் இல்லம்மா?"

"வாசல்ல வெச்சிட்டு வந்தேம்மா, செருப்போட."

"ஏன்?"

அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள். "இன்னாம்மா கேக்கறீங்க? ஜட்ஜையா முன்னாடி செருப்பு போட்டுக்கினு, தடிய ஊனிக்கினு நிக்கலாமா? மருவாதியா இருக்குமா?"

இந்தப் பதிலை நீங்கள் சிரித்துக்கொண்டு கேட்கக் கூடாது. பெரிய மனிதர் தெருவழியாகப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த மக்களைப் பழக்கி வைத்திருந்தது யார்? அவளுடைய அம்மா அப்படி நடந்தவள். அந்தப் பழக்கத்தை ஒழித்துவிட்டோம் என்று சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு நாம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறோம். அவள் இந்தச் சட்டத்தின் வாசலில் வந்து, தன்னை நிற்க வைக்கிற இரண்டு பொருளையும் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாள். அந்த மரியாதையை எடுத்து அவள் தலையிலேயே போடப் பார்த்தார் ஒருவர். போடவும் போட்டிருப்பார்.

ஜட்ஜ் நல்ல மனிதர். கோர்ட் சேவகரான டவாலியை அனுப்பி இரண்டையும் கொண்டுவரச் சொன்னார். டவாலி ஒரு கையில் தடியும் ஒரு கையில் செருப்பும் எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைக்கலாமா கீழே வைக்கலாமா என்று தெரியாமல் முழித்தார். "மேலயே வைங்க" என்றார் ஜட்ஜ். அந்தத் தடித்த செருப்பு கோர்ட் மேஜையில் சட்டப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அஞ்சலாட்சிக்கு அவமானம் தாங்கவில்லை. "ஐயோ, அங்க வெக்காதீங்க சாமி" என்று கூண்டிலிருந்து கெஞ்சினாள்.

வழக்கு திரும்பிவிட்டது என்று இன்சூரன்ஸ் வக்கீலுக்குப் புரிந்துவிட்டது. பாகு முறிந்தது. "செருப்பும் தடியும் கடையில கிடைக்கும், யுவர் ஆனர். முட்டி மடங்கலன்னுதான கேஸ்? இப்பவே குந்திக் காட்டட்டும். பார்த்துடலாம்."

நான் எழுந்தேன். இந்த முறை நாடா கட்டவில்லை. "இது கோர்ட்டா, மாட்டுச் சந்தையா? பல்லையும் பிடிச்சுப் பாக்கறீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத வார்த்தைதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். டாக்டர் சாட்சி சொல்லியிருக்கிறார், எக்ஸ்ரே இருக்கிறது, ஒரு பெண்பிள்ளையைப் பத்து ஆம்பளைகளுக்கு நடுவில் குந்திக் காட்டச் சொல்கிற அதிகாரம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எங்கிருந்து வந்தது? அவர் பதிலுக்குக் கத்தினார். ஜட்ஜ் மேஜையைத் தட்டினார். "அதெல்லாம் வேண்டாம்" என்று அவர் சொன்னதும் எங்கள் சத்தத்தில் அமுங்கிப்போனது.

நாங்கள் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது அஞ்சலாட்சி கூண்டிலிருந்து இறங்கியிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை. துணைக்கு வந்திருந்த தனம் மட்டும் பின்பெஞ்சிலிருந்து, "அடியே, வாணாண்டி" என்றாள்.

நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அஞ்சலாட்சி புடவையைச் சேர்த்துச் செருகிக்கொண்டு, கூண்டுப் பலகையை ஒரு கையால் பிடித்தபடி, வலது காலைப் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டு குந்துவதற்கு இறங்கிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. பாதி இறங்கிய பிறகு பலகையிலிருந்து கையை எடுத்தாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, அவளாகவே எடுத்தாள். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து தரையில் விழுந்தாள்.

ஜட்ஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தனம் ஓடிவந்து தூக்கினாள். இன்சூரன்ஸ் வக்கீல் தன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலாட்சி அழவில்லை. தூசியைத் தட்டிக்கொண்டு, கூச்சத்தோடு சிரித்தாள். "தரை வழுக்கிடிச்சி சாமி. இன்னொரு தபா பாக்கட்டுமா?"

"வேண்டாம்மா, போதும்" என்றார் ஜட்ஜ். தான் கண்ணால் கண்டதை அன்றைய பதிவில் எழுதினார்.

கீழே வந்ததும் நான் அவளைப் பிடித்துச் சத்தம் போட்டேன். "உங்கள யாரும்மா குந்தச் சொன்னது? நான்தான் பேசிட்டிருந்தேன்ல?" அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தனம்தான், "விடுங்கம்மா, அவ எப்பவும் அப்பிடித்தான். ரோஷக்காரி" என்றாள். இவ்வளவு வெள்ளந்தியாக ஒரு மனுஷி இருப்பாளா என்று எனக்கு ஒரு பக்கம் இரக்கமாக இருந்தது. அந்த விழுதல் எங்கள் வழக்குக்குச் செய்த உதவியை நான் எந்த வாதத்தாலும் செய்திருக்க முடியாது என்றும் ஒரு பக்கம் தோன்றியது. வக்கீல் புத்தி அது.

தீர்ப்பு நாளில் ஜட்ஜ் எங்கள் பக்கம் முழுவதுமாகச் சொல்லிவிட்டார். டாக்டரின் சதவீதத்தை அப்படியே வைத்துக் கணக்குப் போட முடியாது என்றார். விவசாயக் கூலி வேலையை அவளால் இனி ஆயுள் முழுக்கச் செய்ய முடியாது என்று எழுதி, சம்பாத்தியம் முழுவதும் போனதாக எடுத்துக்கொண்டு இழப்பீடு கொடுத்தார். ஆங்கிலத்தில் படித்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. இப்படி ஒரு தீர்ப்பை வாங்குவதற்காகத்தானே இந்தக் கவுனை மாட்டிக்கொண்டு அலைகிறோம்.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம்முடைய இந்தச் சட்டம் அடிபட்டவர்களுக்கு ஒரு விசித்திரமான நிபந்தனை வைத்திருக்கிறது. "நான் எதற்கும் உதவாதவள்" என்று அவளே வந்து நிரூபிக்க வேண்டும். எவ்வளவு நன்றாக நிரூபிக்கிறாளோ அவ்வளவுக்குத்தான் கிடைக்கும். கொஞ்சம் தன்மானம் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். டிராக்டரை ஓட்டி வந்தவனுக்கு இப்படி ஒரு பரீட்சை கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கிடையாது. ரோட்டை அளந்துகொண்டு நின்றவர்களுக்கும் கிடையாது. அடிபட்டவளுக்கு மட்டும்தான். வேறு வழி இல்லாததால் நாமும் அதைத்தான் செய்கிறோம். நாளைக்கு நீங்களும் செய்வீர்கள். செய்யுங்கள், செய்யாவிட்டால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் உங்கள் கட்சிக்காரரின் வாழ்க்கையைப் பற்றி நீங்கள் மனுவில் எழுதுகிற வாக்கியத்தை, அவருக்குப் புரிகிற பேச்சில், அவர் எதிரில் உட்கார்ந்து, முதலில் அவரிடம் சொல்லுங்கள். தீர்ப்பு வந்த பிறகு அவர் அதை முதன்முதலாகக் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்குத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு நான் தாழ்வாரத்துக்கு வந்தேன். அஞ்சலாட்சியும் தனமும் தூண் ஓரமாக நின்றிருந்தார்கள். "ஜெயிச்சுட்டோம்மா" என்றேன். தனம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இன்னாம்மா எழுதிக்கிறாரு ஜட்ஜையா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

எனக்கிருந்த சந்தோஷத்தில் பெருமையாகவே சொன்னேன். "இனிமே எந்தக் காலத்துலயும் நீங்க நடவு, களையெடுப்பு எதுக்கும் போவ முடியாதுன்னு எழுதிட்டாரும்மா. ஆயுசு முழுக்க. அத்தனைக்கும் சேத்துக் குடுக்கச் சொல்லிட்டாரு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தனத்தைத் திரும்பிப் பார்த்தாள். தனம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் பாதி வரைக்கும் குந்தினேனேம்மா" என்றாள் அஞ்சலாட்சி. "கையையும் வுட்டுட்டுக் காமிச்சேனே. அவுரு பாத்தாருல்ல? இன்னும் கொஞ்ச நாள் போனா முழுசா குந்திருவேன். வர்ற நடவுக்கு வரேன்னு தனத்தாண்ட சொல்லி வெச்சிக்கிறேம்மா. இப்பிடி எழுதிட்டா இவ எப்பிடி என்னக் கூப்புடுவா?"

கூண்டிலிருந்து அவள் இறங்கி வந்தது எங்கள் பக்கம் சாட்சி சொல்ல இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தன்னால் முடியும் என்று அத்தனை பேருக்கும், முக்கியமாகப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த தனத்துக்கும் காட்டத்தான் அவள் குந்தியிருக்கிறாள்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பணத்த வேணா கொறச்சிக்கட்டும்மா. நீங்க உள்ள போயி ஜட்ஜையாவாண்ட சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் அடிச்சிடச் சொல்லுங்க."